விளக்கு எரியாத வண்டி

நமது சிநேகிதர் ஒருவர் மறைமலை நகர்வாசி. ஃபோர்டு கம்பெனியார் 1999 முதல் 2022 வரையில் மோட்டார் வண்டி செய்த ஊர் அது. வண்டிக்கு வைத்தியம் சொல்லாத மனிதரை அங்கே காண்பது துர்லபம். இருந்தும் சிநேகிதர் ஏமாந்தார். பழைய வண்டியொன்றை (வேறு கம்பெனியின் வண்டிதான்) ஒரு தரகரிடம் வாங்கினார். யந்திரத்தின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. மூன்று வாரம் தாம்பரம் போய்வந்தார், அப்போதும் எரியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரகடம் சாலை வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு உடையவர் தரிசனத்துக்குச் சென்றார். திரும்புகையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது!

அன்று புதிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. வியாதி பழையது, அன்றுதான் பரீட்சை நடந்தது.

பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளின்படி 2010 முதல் நம் நாட்டு வண்டிகளில் தம்மைத் தாமே சோதிக்கும் ஏற்பாடு வந்தது. 2013-ல் அது இன்னும் கண்டிப்பாயிற்று. சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரிகிறதா என்பது போன்றவற்றை அது ஓயாமல் கவனிக்கிறது. ஆனால் புகையின் விஷத்தை முறிக்கும் வினையூக்கிப் பெட்டியை நினைத்தபோது சோதிக்க முடியாது. யந்திரம் நன்கு சூடேறி, வண்டி சில நிமிஷமாவது ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். பெட்டிக்கு முன்னும் பின்னும் பிராணவாயுவை உணரும் கருவிகள் உண்டு. முன்னது துள்ளும், பின்னது அமைதியாக இருந்தால் பெட்டி உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். பின்னதும் சேர்ந்து துள்ளினால் பெட்டியின் கதை முடிந்தது.

கூடுவாஞ்சேரியிலும் வண்டலூரிலும் காலை வேளையில் சீரான வேகத்துக்கு எங்கே போவது? பரீட்சை தினமும் ஒத்திவைக்கப்பட்டது. ஒரகடம் சாலையில் நடந்தது. ஒருமுறை தவறினால் பெரும்பாலும் விளக்கு எரியாது, குறிப்பு மட்டும் பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் தவறினால்தான் எரியும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று!

தரகர் செய்தது அற்ப காரியம். கருவியைச் செருகிப் பதிவை அழித்தார். அழித்தால் குற்றத்தோடு மார்க்குகளும் அழிந்துபோகும். பிறகு விளக்கு எரியாதிருப்பதற்குத் தேறிவிட்டது என்றும் பொருள். பரீட்சைக்கே உட்காரவில்லை என்றும் பொருள். எவை முடிந்தன, எவை முடியவில்லை என்பதை அதே கருவி காட்டும். பழைய வண்டி வாங்கும் நேயர்கள் மெக்கானிக்கிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம். முடியாதவை பல என்றால், விற்பவரையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போய்வரலாம். சாவியைத் திருப்பியவுடன், யந்திரம் ஓடுமுன், விளக்கு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். எரியாவிட்டால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட சமர்த்தர்களும் உண்டு.

அந்தப் பெட்டிக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று தங்கத்தோடு போட்டி போடும் உலோகங்கள் இருக்கின்றன. பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்கென்று சிநேகிதர் எடுத்துவைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. தரகர் இப்போது டெலிபோனை எடுப்பதில்லை.