நாலாவது கை எங்கே?

கோடை உச்சத்தில் இருக்கும்போது மதியம் இரண்டு மணிக்குச் சித்தூர் தெருக்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. மாங்கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி ஏற்றிச் செல்லும் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். திருப்பதியில் நிலைமை தலைகீழ். பள்ளி விடுமுறைக் கூட்டம் சத்திரங்களையும் லாட்ஜுகளையும் நிரப்பிவிட, உள்ளூர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுகிறார்கள். இரண்டு ஊர்களிலும் கோடை மதியம் என்பது மின்விசிறிக்குக் கீழே கழிக்க வேண்டிய நாலு மணி நேரம்.

அந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு காலத்தில் சீட்டுக்கட்டு இருந்தது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் ரயிலில் முழங்கால்களின் மேல் துண்டை விரித்து ஆடிய கூட்டங்களும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் ஆடப்பட்டது பெரும்பாலும் ரம்மி. பிரிட்ஜ் பிரியரின் பாடுதான் திண்டாட்டம். ரம்மிக்கு இரண்டு பேர் போதும். பிரிட்ஜுக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரிட்ஜ் தெரிந்த நாலு பேரைச் சித்தூர் போன்ற ஊரில் ஒரே மதியத்தில் ஒரே கூடத்தில் உட்காரவைப்பதைவிட, கோடை விடுமுறையில் திருமலையில் அறை பிடிப்பது சுலபம்.

இந்தப் பிரச்னையை இணையம் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டது. இணைய பிரிட்ஜ் ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. 'ஓகேபிரிட்ஜ்' 1990ல் ஆரம்பித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பே 1995 ஆகஸ்டில்தான் வந்தது. 2001ல் வந்த 'பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்' காசு வாங்காமல் மேஜையைத் திறந்துவிட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தைச் சக்கரவர்த்தி வாரன் பஃபெட் பல ஆண்டுகளாக இணையத்தில் பிரிட்ஜ் ஆடுபவர். அவர் உட்காரும் அதே மெய்நிகர் கூடத்தில் சித்தூர்க்காரரும் உட்காரலாம். தேவை ஒரு கைபேசியும் சுமாரான சிக்னலும்தான்.

ஆட்டத்தின் எலும்புக்கூடு எளிமையானது. 52 சீட்டுகள், ஆளுக்குப் 13. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்க, பெரியதைப் போட்டவருக்கு ஒரு பிடி. மொத்தம் 13 பிடிகள். அதற்கு முன்னால் ஏலம். எந்த ஜாதி துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று இரு தரப்பும் மாறி மாறிக் கேட்கின்றன. சுவாரஸ்யம் இங்கேதான். கூட்டாளியிடம் கையில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லக் கூடாது. கண்ணைக் காட்டக் கூடாது. ஏலத்தில் அனுமதிக்கப்பட்ட 35 கேள்விகளையும் 'பாஸ்' போன்ற இரண்டு மூன்று சொற்களையும் வைத்தே ஒருவருக்கொருவர் கைகளை வர்ணித்துக்கொள்ள வேண்டும். ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளிகளைக் கூட்டி, 12 அல்லது 13 இருந்தால் ஏலத்தைத் துவக்குவது ஆரம்பப் பாடம். ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் விதங்கள் 63,501 கோடிக்கும் மேல். ஒரு கோடை போதாது.

சீட்டு நன்றாக விழுந்தால் யாரும் ஜெயிக்கலாமே என்ற ஆட்சேபத்துக்கு பிரிட்ஜ்காரர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். 'டூப்ளிகேட்' முறையில் ஒரே சீட்டுப் பங்கீடு பல மேஜைகளில் ஆடப்படும். மோசமான கை வந்ததா? உங்கள் இடத்தில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதே மோசமான கைதான். அதை வைத்து மற்றவர்களைவிட எவ்வளவு குறைவாக இழந்தீர்கள் என்பதே கணக்கு. கிளப்புகளில் இதற்காகச் சீட்டுகளைச் சட்டங்களில் செருகி மேஜை மேஜையாகக் கடத்துவார்கள். இணையத்தில் அந்த வேலை இல்லை. ஒரு கை முடிந்ததும், அதே சீட்டுகளை மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் எப்படி ஆடினார்கள் என்று ஒவ்வொரு இறக்கமாகப் பார்க்கலாம். பொழுதுபோக்காக ஆடுபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. திட்டாத வாத்தியாரும்கூட.

கூட்டாளி கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரே கூட்டாளி. ஆனால் இது அவ்வளவு ருசிப்பதில்லை என்கிறவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. செஸ்ஸில் 1997லேயே காஸ்பரோவை இயந்திரம் வீழ்த்திவிட்டது. பிரிட்ஜில் 2022ல் பாரிஸில் 'நூக்' என்ற மென்பொருள் எட்டு சாம்பியன்களைவிட நன்றாக ஆடியபோதும், அந்தப் போட்டியில் ஏலம் கிடையாது. சீட்டு இறக்குவது மட்டும்தான். இன்னொரு மனிதன் என்ன நினைத்து 'இரண்டு டைமன்' என்றான் என்று ஊகிக்கும் பகுதியைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பிரிட்ஜின் உயிர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். சித்தூரில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இப்படிக் கைபேசியில் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஸ்பேட், ஆட்டின், கிளாவர். மோர் கொண்டுவரும் மருமகளின் கண்ணில் அது படுகிறது.

"மாமா, இதுல பணம் கட்டித்தானே ஆடறாங்க?"

"இது ரம்மி இல்லைம்மா."

பதில் உண்மைதான். ஆனால் மருமகளுக்கு நம்பிக்கை வராது. வராததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. இணைய ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் தொலைத்துக் கடனில் மூழ்கி, உயிரையே விட்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடும் ஆந்திரமும் ஆண்டுக்கணக்கில் படித்திருக்கின்றன. 'சீட்டு' என்ற சொல்லே வீட்டில் அபசகுனமாகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரம்மிக்கு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததே பிரிட்ஜ்தான்.

செகந்திராபாதில் இருந்த கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான அந்த வழக்கில் 1967 நவம்பரில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. ரம்மி மூணு சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதில் திறமை உண்டு. அதில் உள்ள அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டுப் பங்கிடும்போது இருக்கும் அதிர்ஷ்டம் போன்றதே என்றார் அவர். பிரிட்ஜ் திறமை ஆட்டம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாததால் அது அளவுகோலானது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கைபேசி ரம்மி நிறுவனங்கள் தம் வழக்குகளில் அந்தத் தீர்ப்பைத்தான் கேடயமாகப் பிடித்தன. பிரிட்ஜின் தோளில் ஏறி ரம்மி கோடிகளுக்குப் போனது. தோள் கொடுத்த பிரிட்ஜை யாருக்கும் தெரியாது.

அதே தீர்ப்பில் இன்னொரு வாசகமும் இருந்தது. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பது அதன் சாரம். ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டு பிழைப்பு நடத்திய நிறுவனங்கள் இந்தப் பகுதியை உரக்கப் படித்ததாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தது எல்லையோரக் கூத்து. 2020 செப்டம்பரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. தமிழ்நாடும் அந்த நவம்பரில் தடை போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஆக, காட்பாடியில் ரம்மி ஆடலாம். ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சித்தூரில் ஆடக் கூடாது. 2023ல் தமிழ்நாடு மறுபடி சட்டம் கொண்டுவர, அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 1953 வரை சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்படியே இருந்திருந்தால் இந்தத் தமாஷ் வேறு எங்காவது நடந்திருக்கும்.

கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் இந்த விவாதத்தையே ஓரங்கட்டியது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி அதில் இல்லை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டமா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் தடை. பெரிய ரம்மி, போக்கர் நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன. வழக்கறிஞர்கள் என்ன வாதித்தாலும், சித்தூர் மருமகள் கேட்ட கேள்வியைத்தான் நாடாளுமன்றமும் கேட்டிருக்கிறது. நீதிமன்றங்கள் ஐம்பது ஆண்டுகளாக அளந்துகொண்டிருந்த கோட்டைவிட இந்தக் கோடு சாமானியனுக்குப் புரியக்கூடியது. பந்தயம் இல்லாத பிரிட்ஜ் எந்தச் சிரமமும் இல்லாமல் கோட்டின் நல்ல பக்கத்தில் நிற்கிறது.

பணம் இல்லை என்றால் கள்ளம் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2020ல் கொரோனாவால் கிளப்புகள் மூடி, உலகமே இணையத்தில் பிரிட்ஜ் ஆடியபோது, பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரே இன்னொரு பெயரில் பார்வையாளராக நுழைந்து எதிராளிகளின் சீட்டுகளைப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். மானம் மட்டுமே பந்தயம் என்றாலும் ஏமாற்றத் துணிவார்கள் போலிருக்கிறது. மதியப் பொழுதுக்கு ஆடுகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் கையைப் பார்த்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

விளையாட்டு என்பதே பாவம் என்று நினைப்பவர்கள் திருப்பதியின் சொந்தக் கதையை மறந்தவர்கள். வடக்கிலிருந்து வந்து திருமலையில் தங்கிய ஹாத்திராம் பாவாஜியோடு இரவில் பெருமாளே வந்து சொக்கட்டான் ஆடினார் என்பது ஐதீகம். ஒரு நாள் ஆட்டம் முடிந்து பெருமாள் நகையை விட்டுச் செல்ல, பாவாஜி மேல் திருட்டுப் பட்டம் விழுந்தது. ஒரு வண்டிக் கரும்பை ஒரே இரவில் தின்று காட்டச் சொன்னார்கள். யானை ஒன்று வந்து தின்று முடித்து அவரைக் காப்பாற்றியது. அவர் பெயரில் அமைந்த மடத்தின் மகந்துகள்தான் 1843லிருந்து 1933 வரை கோயில் நிர்வாகத்தையே கவனித்தார்கள். கதையில் பெருமாள் தேடி வந்தது பந்தயத்துக்காக அல்ல, துணைக்காக. தொல்லை ஆரம்பித்தது நகை நடுவே வந்தபோதுதான்.

பிரிட்ஜுக்கு வயசும் தடையில்லை. 2018ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல்முறையாக பிரிட்ஜ் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் இணைப் பிரிவில் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தனுக்கு வயது 60, கூட்டாளி ஷிப்நாத் சர்க்காருக்கு 56. வெண்கலம் வென்ற கலப்பு அணியில் இருந்த கிரண் நாடாரும் அறுபதைக் கடந்தவர். 2023ல் ஹாங்சோவில் இந்திய ஆண்கள் அணி வெள்ளி வாங்கியது.

இருந்தும் தென்னிந்தியச் சிற்றூர்களில் பிரிட்ஜ் ஏன் பரவவில்லை? அது ஆபீசர்ஸ் கிளப் வழியாக வந்தது. கிளப் வாசலைத் தாண்டவே இல்லை. ஆட்டம் கடினம் என்பது வெறும் சாக்கு. ஏலம் கேட்டு, துருப்பு வைத்து, எதிரில் இருப்பவனைக் கூட்டாளியாக வைத்து ஆடுவது கேரளத்தின் டீக்கடைகளுக்கு இருபத்தெட்டாகவும் யாழ்ப்பாணத்தின் திண்ணைகளுக்கு முந்நூற்று நாலாகவும் நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு தெரிந்தவருக்கு பிரிட்ஜின் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில் கஷ்டம் ஏலத்தின் மொழி மட்டுமே. அதற்குக் கோடையின் முதல் இரண்டு வாரம் இயந்திரக் கூட்டாளியோடு தடுமாறினால் போதும். பிறகு மனிதர்கள் இருக்கும் மேஜைக்குப் போகலாம். ஆரம்ப நிலைக்காரர் என்று தன் குறிப்பில் எழுதிவைத்துவிட்டால், தவறான சீட்டு இறக்கியதும் கோபித்துக்கொண்டு எழுந்துபோகிறவர்கள் குறைவு.

போகிறவர்களும் இருக்கிறார்கள்தான். கை பாதியில் இருக்கும்போது ஒரு நாற்காலி திடீரென்று காலியாகும். கூட்டாளிக்குக் கோபமா, அவர் ஊரில் மின்வெட்டா என்று கண்டுபிடிக்க வழியில்லை. திரை சில விநாடி காத்திருக்கும். பிறகு எங்கிருந்தோ முகம் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்து, 'ஹாய் பார்ட்னர்' என்று தட்டிவிட்டு, மிச்சச் சீட்டுகளைக் கையில் எடுப்பார்.