எண் சரி, அர்த்தம்?

எக்ஸெல்லில் ஒரு செல்லில் "எடை" என்றும், பக்கத்துச் செல்லில் 450 என்றும் டைப் செய்து பாருங்கள். கிலோவா, பவுண்டா? கம்ப்யூட்டர் கேட்காது. கூட்டச் சொன்னால் கூட்டிவிடும். வீட்டுக் கணக்கில் பரவாயில்லை. 1999 செப்டம்பரில் இதே விஷயத்தால் நாசாவின் ஒரு விண்கலமே போய்விட்டது.

அதன் பெயர் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். அதன் சிறு ராக்கெட்டுகள் தந்த உந்துதலை, தரையில் இருந்த ஒரு சாப்ட்வேர் பவுண்டு கணக்கில் பைலில் எழுதியது. அதைப் படித்த சாப்ட்வேர் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக் கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டரில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. நியூட்டனில்தான் தர வேண்டும் என்று டாக்குமென்ட்டில் எழுதியே இருந்தது! டாக்குமென்ட்டைக் கம்ப்யூட்டர் படிக்காதே.

இன்று பெரிய இயந்திரங்களைச் செய்வதற்கு முன், கம்ப்யூட்டரிலேயே மாடலாக அமைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். இதுதான் சிமுலேஷன். என் வேலையில் ஒருமுறை இரண்டு டீம்கள் "எடை" என்று கொடுத்திருந்தோம். ஒன்று எரிபொருளோடு, மற்றது எரிபொருள் இல்லாமல். சிமுலேஷன் இரண்டு நாள் ஓடி அழகான கிராப் வரைந்து கொடுத்தது. ஒரு சீனியர் பார்த்துச் சிரித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

இதற்குத்தான் ஆன்டாலஜி. எடை என்றால் எதனுடைய எடை, எரிபொருள் சேர்த்தா, எந்த அளவையில் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே சோதிக்கும்படி எழுதி வைப்பது. இதற்கான ஓ.டபிள்யூ.எல். மொழியை டபிள்யூ3சி 2004-ல் வெளியிட்டது. ஆர்பிட்டரை இழந்த அதே ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி, 2024-ல் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பரின் மாடலிங் வேலையில் இந்த வழியைக் கையாண்டது.

"முதலில் ரிசல்ட் வரட்டும், அர்த்தத்தை அப்புறம் எழுதலாம்" என்பார்கள் மேலே இருப்பவர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிமுலேஷனுக்கு முன்பே எழுத வேண்டும். அதற்காக உலகத்தையே எழுத உட்கார்ந்தால் வேலை முடியாது. டீம்கள் கைமாற்றிக்கொள்ளும் இருபது முப்பது சொற்கள் போதும். பார்முலாவே தப்பாக இருந்தால் ஆன்டாலஜி காப்பாற்றாது. இன்னொன்று, அளவையை எழுத மறந்தால் ஓ.டபிள்யூ.எல். திட்டாது, வேறெங்கோ இருக்கும் என்று விட்டுவிடும். விடுபட்டதைப் பிடிக்க, 2017-ல் வந்த ஷாக்கிள் தேவை.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் புரோட்டேஜே சாப்ட்வேர் இலவசம். டவுன்லோடு செய்து, உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலில் தொடங்குங்கள். "ஒரு பாக்கெட்" என்றால் எத்தனை கிராம் என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும்.