'கியர் பாக்ஸ் போச்சு' என்றால் உடனே தலையாட்டலாமா?

மும்பை, தானே, டோம்பிவிலி வட்டாரத்து நம்மவர்களில் பலர், கோடை விடுமுறைக்கு ரயிலில் இடம் கிடைக்காத கொடுமைக்கு மாற்றாக ஏழு பேர் அமரும் வேன் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். நெரிசலில் கிளட்சை மிதித்து முழங்கால் ஓய்ந்தவர்கள் ஆட்டோமேட்டிக் வண்டியாகவே பார்த்து வாங்கினார்கள். 2014-ல் மாருதி செலேரியோவோடு ஏ.எம்.டி. வந்தது; 2016-ல் இன்னோவா கிரிஸ்டா ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. அந்தக் காலத்தில் வாங்கிய வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது.

ஒரு நாள் 'டி'யில் போட்டால் வண்டி யோசித்து யோசித்து நகரும். இல்லையேல் என்ஜின் மட்டும் அலறும், வேகம் ஏறாது. பட்டறையில், "கியர் பாக்ஸ் கயா சாப், பூரா பதல்னா படேகா" என்று தீர்ப்பு வழங்குவார்கள். ஹிந்தியில் அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லாமல் நாம் தலையாட்டிவிடுகிறோம். அல்லது வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுகிறோம். இரண்டுமே அவசரம் என்பது என் கருத்து. 'போச்சு' என்பது முடிவுதானே ஒழிய, அதற்குக் காரணம் அல்ல. காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் நம் வண்டி எந்த ஜாதி என்று தெரிந்திருக்க வேண்டும். ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். காலுக்குப் பதிலாக ஒரு கருவி கிளட்சை இயக்குகிறது. அதில் பெரும்பாலும் தேய்வது கிளட்ச் பிளேட், அல்லது பழுதாவது அந்தக் கருவி. அதற்காகப் பெட்டியையே மாற்றுவது, பல்வலிக்குத் தாடையை எடுப்பது போல.

டார்க் கன்வெர்ட்டர் வைத்த உண்மையான ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் உயிர். என்ஜினின் சக்தியைக் கடத்துவதும், உள்ளே கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும் அதுவே. "ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்று விற்கும்போது சொல்கிறார்களே, யாருடைய ஆயுள்? ஏழு பேரும் மூட்டைகளுமாகக் கண்டாலா, கம்பட்கி காட்களில் ஏறி இறங்கும் வண்டியில் ஆயில் சூட்டிலேயே வெந்துபோகும். பல வண்டிகளில் புது ஆயில் தெளிந்த சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தேய்ந்ததற்கு அடையாளம். வெறுமனே அளவு குறைந்திருந்தாலும் வண்டி வழுக்கும். இப்போது பல வண்டிகளில் டிப்ஸ்டிக் கிடையாது. லிஃப்டில் ஏற்றி, குறிப்பிட்ட சூட்டில்தான் அளவு பார்க்க முடியும். அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்து ஸ்கேனர். பி0700 என்று வந்தால் பயப்பட வேண்டாம். கியர் பாக்ஸின் கம்ப்யூட்டரில் ஏதோ குறை பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே அதற்குப் பொருள். எந்தக் குறை என்பதை அடுத்த எண் சொல்லும். அது ஒரு சென்சாராகவோ சோலனாய்டாகவோ இருக்கலாம். பாட்டரி சோர்ந்திருந்தாலும் சில வண்டிகள் இப்படி முரண்டு பிடிக்கும். எண்களை எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு பட்டறையில் காட்டுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கும் நம் ஊர் வழக்கம் மட்டும் கூடவே கூடாது. என்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது. சக்கரம் சுழலச் சுழல உள்ளே வறண்டு தேயும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். நெடுஞ்சாலையில் வழுக்க ஆரம்பித்த வண்டியில், வயதான அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு "இன்னும் நூறு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதும் வேண்டாம். முந்தும் நேரத்தில் இழுவை போனால் பின்னால் வரும் லாரிக்கு அது தெரியாது.

எல்லாம் பார்த்தபின் உண்மையிலேயே பெட்டி போய்விட்டதென்றால் கணக்குப் போடலாம். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கி, செலவும் வண்டி விலையில் பாதியைத் தாண்டினால், நான் விற்கச் சொல்வேன். சொல்லி விற்கவேண்டும். சங்க இதழின் விற்பனைப் பகுதியைப் பார்த்து வாங்குகிறவரும் நம்மைப்போல் ஊருக்குப் போகத்தான் வாங்குகிறார். விளம்பரத்தில் 'கியர் பாக்ஸ் பழுது' என்று சேர்த்துக்கொண்டால், அந்த மூன்று சொற்களுக்கு ஆசிரியர் குழு தனிக் கட்டணம் வாங்காது என்று நம்புகிறேன்.