காஞ்சோண்டிக்கு அஞ்சினால் வழி தெரியாது

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஜூலை மாதம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை மாணவியான பேத்தி என்னை ஒரு காட்டுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஓரியன்டியரிங் போட்டி. தமிழில் திசையறி ஓட்டம் எனலாம். கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் தருவார்கள். காட்டுக்குள் ஆங்காங்கே கட்டப்பட்டிருக்கும் செம்மஞ்சளும் வெள்ளையுமான அடையாளங்களை வரிசைப்படி கண்டுபிடித்துக் குறைந்த நேரத்தில் திரும்ப வேண்டும். எந்த வழியால் போவது என்பது ஓடுபவரின் தீர்மானம்.

வெயிலுக்குக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நானும் புறப்பட்டேன். இரண்டாவது அடையாளத்துக்கு நேர்கோட்டில் போனால் விரைவாகப் போய்விடலாம் என்பது என் கணக்கு. இருபது அடி போவதற்குள் இடுப்பளவு உயர்ந்த செடிகளுக்குள் அகப்பட்டுக்கொண்டேன். இரு கால்களும் தீப்பட்டதுபோல் எரிந்தன. ஆங்கிலேயர் நெட்டில் என்று சொல்லும் செடி அது. நீளக் காலுடை அணிந்திருந்த பேத்தி சுற்றுவழியால் ஓடி எனக்கு முன்பே அங்கு நின்றாள். “வரைபடத்தைப் பார்க்கல்லையா அப்பா? அந்த இடம் பச்சை” என்றாள். எங்கள் பக்கத்தில் தந்தை வாப்பா, பாட்டனாரே அப்பா.

அந்த வரைபடத்தில் வெள்ளை நிறம் தடையின்றி ஓடக்கூடிய காட்டைக் குறிக்கும். பச்சை என்றால் அடர்த்தி. பச்சை கருமையாகக் கருமையாக உள்ளே நுழைவது கடினம். நான் பச்சையை அழகு என்று எண்ணினேன். அவளோ அதை எச்சரிக்கையாக வாசித்தாள். நாற்பது வருடங்கள் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உணர்த்திவிட்டது.

எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது சாய்ந்தமருதின் காஞ்சோண்டி நினைவுக்கு வந்தது. வேலியோரத்தில் பந்து தேடப்போய் அதில் கை பட்டால் உம்மாவிடம் ஏச்சும் கிடைக்கும், எண்ணெயும் கிடைக்கும். இரண்டும் சுனைச் செடிகள் என்றாலும் உறவினர் அல்ல. நம்முடைய காஞ்சோண்டி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெட்டிலின் சுனைகளோ நுண்ணிய கண்ணாடி ஊசிகள் போன்றவை. பட்டதும் நுனி உடைந்து ஹிஸ்டமின் முதலிய பொருட்களைத் தோலுக்குள் செலுத்திவிடும். இரண்டுக்கும் முதல் விதி ஒன்றே: சொறியக்கூடாது, தேய்க்கக்கூடாது. ஒட்டும் நாடாவை மெதுவாக ஒட்டி உரித்தால் தங்கிய சுனைகள் வரும். பிறகு சவர்க்காரமிட்டுக் கழுவிக் குளிர்ந்த நீரை ஊற்றலாம். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்த விளையாட்டு வடக்கு ஐரோப்பாவில் பிறந்தது. நோர்வேயில் 1897இல் முதலாவது பொதுப் போட்டி நடந்தது; சர்வதேசச் சம்மேளனம் 1961இல் உருவானது. முள்ளையும் சுனையையும் அவர்கள் அற்பமாக எண்ணவில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் சுவீடனில் இவ்விளையாட்டில் ஈடுபட்ட நூற்றுக்கணக்கானோருக்கு ஈரல் அழற்சி தொற்றியது. முள் கீறிய காயங்களோடு ஓடியவர்கள் பின்னர் ஒரே நீரில் கழுவியது ஒரு காரணமாகக் கருதப்பட்டது. காட்டை மூடிவிடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. காலை மூடுங்கள் என்றார்கள். கால் முழுவதையும் மறைக்கும் உடை விதியாயிற்று. என் கருத்தும் அதுதான். ஆபத்துக்குப் பரிகாரம் ஆயத்தமே, ஒதுங்குவது அல்ல.

நம் கரையோரத்துப் பிள்ளைகளை நாம் ஒதுக்கியே வளர்க்கிறோம். வீடு, பாடசாலை, பிரத்தியேக வகுப்பு, மீண்டும் வீடு. பற்றைக்குள் போகாதே, பாம்பு. தோணாப் பக்கம் போகாதே, சேறு. வயல் வரம்பில் நடக்காதே, முள். இப்படிச் சொல்லும் பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. போர்க்காலத்தில் வெளியே போன பிள்ளை திரும்பி வருமா என்று வாசலில் காத்திருந்த தலைமுறை இது. ஆனால் அச்சத்துக்கும் ஒரு விலை உண்டு.

அந்த விலையை 2004 டிசம்பர் 26இல் கண்டோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிக அதிகமான இழப்பு இங்கேதான். அந்த நாட்களில் செய்தி சேகரிக்கச் சென்றபோது ஒரு மீனவர் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. சிறுவயதில் ஓடித்திரிந்த ஒற்றையடிப் பாதையை நம்பிப் பிள்ளைகளோடு மேற்கே ஓடினாராம். பாதை இருந்த இடத்தில் பற்றை நின்றது. நடக்க ஆளில்லாத பாதையைச் செடி எடுத்துக்கொண்டது. அவர் சுற்றி ஓடிப் பிழைத்தார். பின்னால் வந்த எல்லோரும் பிழைக்கவில்லை.

நம் ஊர் கடலுக்கும் வயல்வெளிக்கும் இடையில் கிடக்கும் ஒரு நீண்ட பட்டி. பிரதான வீதி கடலுக்கு இணையாக ஓடுகிறது. கடல் எழுந்தால் மேற்கேதான் போக வேண்டும். 2012 ஏப்ரல் 11இல் சுனாமி எச்சரிக்கை வந்தபோது மக்கள் மீண்டும் வீடுகளை விட்டு ஓடினார்கள். அன்று அலை வரவில்லை. ஆனால் எந்த ஒழுங்கை திறந்திருக்கிறது, எது மதிலில் முடிகிறது, எந்த வரம்பு பற்றை மண்டிக் கிடக்கிறது என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது? அலைபேசி சொல்லும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: கோபுரம் சாய்ந்த பின் யார் சொல்வது?

எனவே என் கோரிக்கை எளிமையானது. நம் பாடசாலைகளில் சாரணரும் பயிலுநர் படையினரும் மட்டும் தொடும் திசைகாட்டியை எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடுங்கள், பெண் பிள்ளைகள் உட்பட. காட்டிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஊர்த் தெருக்களிலேயே ஓடும் குறுந்தூரப் போட்டிகள் இவ்விளையாட்டில் உண்டு. முதலில் பாடசாலை வளவு, பிறகு ஒழுங்கைகள், அதன்பின் வயலோரம். பிள்ளைகளே தம் ஊரின் வரைபடத்தை வரையட்டும். எங்கே பச்சை தீட்டுவது என்பதை வயற்காரரிடம் கேட்கட்டும். பற்றை வளரும் என்பதால் ஆண்டுதோறும் திருத்தட்டும்.

காலத்தையும் நாம் நம் மண்ணைப் பார்த்தே தெரிவு செய்யவேண்டும். இங்கிலாந்தில் கோடையில்தான் நெட்டில் ஆளுயரம் நிற்கும். நமக்கோ மாரி மழை ஓய்ந்த மாதங்களில்தான் பற்றை செழிக்கும். கச்சான் வீசும் காலத்தில் நிலம் காய்ந்து வெளிக்கும். அப்போது பகைவன் வெயில்தான். ஆகவே சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். நீளக் காலுடை, மூடிய சப்பாத்து, தண்ணீர், ஒரு விசில், கூட ஒரு துணை, இவை போதும். அடர்ந்த பற்றைக்குள் எவரையும் அனுப்பக்கூடாது. சுற்றிப்போகத் தெரிவதே இந்த விளையாட்டின் அறிவு.

அன்று மாலை காலில் களிம்பு பூசிவிட்ட பேத்தி, நம் ஊருக்கும் இப்படியொரு வரைபடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். சுனையின் எரிவு மறுநாளே தணிந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் தணியவில்லை.