பச்சோந்தி பேசும் பாஷை

கட்சி மாறிய பிரமுகரைப் பார்த்து மேடையில் ஒருவர் "பச்சோந்தி!" என்று முழங்கினால் கூட்டம் கை தட்டுகிறது. நீங்களும் தட்டியிருப்பீர்கள், நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பிராணியைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் விழிக்க வேண்டியதுதான். வேலியில் தலையை ஆட்டும் ஓணானைக் காட்டி, "அதோ பச்சோந்தி" என்று சொல்லுகிறவர்களே நம்மில் அதிகம். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு.

பச்சோந்தி ஏமாற்றுக்காரன் அல்ல. பச்சைச் சட்டைமேல் விட்டால் பச்சையாகவும் சிவப்புப் புடவைமேல் விட்டால் சிவப்பாகவும் மாறிவிடும் என்பது சுத்தக் கட்டுக்கதை. குளிர் எடுத்தால் வெய்யிலை உறிஞ்சிக்கொள்ளக் கறுக்கிறது. எதிரி வந்தால் பளபளக்கிறது, பயந்தால் மங்குகிறது. மனசில் இருப்பதை ஒளிக்கத் தெரியாமல் தோலிலே எழுதிக் காட்டிவிடும் அப்பாவி அது! அதன் தோலுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்றும், அவை நெருங்கி நின்றால் ஒரு நிறம், விலகி நின்றால் வேறு நிறம் என்றும் 2015-ல் ஜினீவா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள்.

இந்தப் பாஷையைப் படித்துக்கொண்டு அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பலர் வீட்டிலேயே பச்சோந்தி வளர்க்கிறார்கள். குஞ்சு பொரிக்கவும் வைக்கிறார்கள். உடனே உங்கள் வீட்டுப் பையனைத் தோப்புக்கு அனுப்பிவிடாதீர்கள்! நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே மேல்நாட்டார் படும் பாட்டைத் தூர நின்று பார்ப்போம்.

அங்கே புதிதாக வளர்க்கிறவர்கள் அதிகமாகத் தேர்ந்தெடுப்பது ஏமன் நாட்டுப் பச்சோந்தி. தலையில் கிரீடம்போல உயர்ந்த கொண்டை. ஆண், வால் உட்பட ஒன்றரை அடிக்குக் குறையாமல் வளரும். நான்கு அடி உயரக் கம்பிவலைக் கூண்டு, உள்ளே செடி கொடிகள், மேலே உஷ்ணம் தரும் விளக்கு ஒன்று, வெய்யிலின் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு ஒன்று. இந்த இரண்டாவது விளக்கு இல்லாவிட்டால் எலும்பு மெழுகாக வளைந்து போகும். ஜன்னலோரம் வைத்தால் போதாதோ என்றால், போதாது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகாரம் சுவர்க்கோழிப் பூச்சி. அதற்கும் முதலில் காரட்டும் கீரையும் கொடுத்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் பரிமாற வேண்டும். நம் மாப்பிள்ளைகளுக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது.

தண்ணீர் விஷயம் இன்னும் வேடிக்கை. கிண்ணத்தில் வைத்தால் அநேகமாகத் திரும்பியே பார்க்காது. இலைமேல் சொட்டுச் சொட்டாக விழும் நீரைத்தான் நக்கும். இது தெரியாதவர்கள் வீட்டில், நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தாகத்தால் செத்த பச்சோந்திகள் உண்டு. 1972-ல் ஹவாய் தீவுகளில் நடந்ததைக் கேளுங்கள். கெனியாவிலிருந்து மூன்று கொம்புப் பச்சோந்திகள் சில டஜன் ஒரு பிராணிக் கடைக்காரருக்கு வந்து சேர்ந்தன. பிரயாணத்தில் வாடி வதங்கியிருந்தன. கொஞ்சம் தெளியட்டும் என்று தோட்டத்தில் திறந்துவிட்டார். தெளிந்தன, போயே போய்விட்டன. அவற்றின் சந்ததி தீவுகளில் பரவி, உலகில் வேறெங்கும் இல்லாத அந்த ஊர் நத்தைகளையும் பூச்சிகளையும் இன்றும் தின்றுகொண்டிருக்கிறது. மனிதர் இரக்கப்பட்டுத்தான் செய்தார்!

இனப்பெருக்கத்துக்கு வருவோம். பச்சோந்திக்குத் துணை பிடிக்காது. ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலே விரோதி வந்துவிட்டதாகக் கொதிக்கும். ஆகவே ஆணைச் சில நாட்களுக்கு மட்டும் பெண்ணிடம் விடுகிறார்கள். பெண் பச்சையாக, சாவதானமாக இருந்தால் சம்மதம். கறுத்து, வாயைப் பிளந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினால், "போடா வெளியே" என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட ஆணை அங்கே வைத்திருக்கக் கூடாது. சினைப்பட்ட பெண்ணோ கரும்பச்சை மேனியில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி போட்டுக்கொள்ளும். என்ன நேர்ந்தது என்பதை இதைவிடப் பட்டவர்த்தனமாக யார் சொல்ல முடியும்?

இங்கேதான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. மூன்று நான்கு வாரத்தில் பெண் மரத்தைவிட்டுத் தரைக்கு இறங்கி, கூண்டின் மூலை மூலையாகப் பிராண்டும். வெளியே போக அடம் பிடிக்கிறது என்று நினைத்தால் போச்சு. அது முட்டையிட மண் தேடுகிறது! ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டி கிடைத்தால் பள்ளம் தோண்டி, முட்டையிட்டு, மூடி, மிதித்துச் சமன் செய்துவிட்டு ஏறிவிடும். மணல் கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகும். ஆணையே காணாத பெண்ணும் கருவில்லா முட்டை இடும் என்பதால், ஒற்றைப் பெண்ணை வளர்க்கிறவருக்கும் மணல் தொட்டி கட்டாயம். தோண்டும்போது யாராவது எட்டிப் பார்த்தால் வேலையைப் பாதியில் விட்டுவிடும். கூண்டுக்குத் துணி போட்டு மூடிவிட்டு, குழந்தைகளை அதட்டி அப்பால் அனுப்பிவிட்டு, நாமும் கால் விரலால் நடக்க வேண்டியதுதான். பிரசவ அறை வாசலில் நிற்கும் தகப்பனாருக்கு இந்த அவஸ்தை புரியும்.

நிறையத் தீனி போட்டுக் கொழுக்க வைத்தால் பெண் ஒரே தடவையில் 70 முட்டைகூட இடும். சீக்கிரம் நொடித்தும் போகும். விவரம் தெரிந்தவர்கள் தீனியையும் உஷ்ணத்தையும் குறைத்து, 20, 30 முட்டையோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். ஆசையாக ஊட்டும் கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பதை நம்பவே பலருக்கு மனம் வருவதில்லையாம்.

முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, ஈரப்பதமுள்ள பெட்டியில் சுமார் 80 டிகிரி உஷ்ணத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்கிறீர்கள்? கோழிக்கு 21 நாள். இதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம்! பிறகு ஒரு நாள் முட்டைமேல் வியர்வைபோல நீர் துளிர்க்கும். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குஞ்சு வெளியே வந்து, இரண்டு கண்களையும் வெவ்வேறு திசையில் சுழற்றும். பின்னங்கால் குதியில் சிறு முள் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண்.

சில வாரங்கள் எல்லாம் கூடி விளையாடுவதுபோலத் தோன்றும். பிறகு ஒரு நாள் ஒன்று மற்றொன்றைப் பார்த்துக் கறுக்கும். மறுநாள் இன்னொன்று. 30 குஞ்சு பொரித்த வீட்டில் 30 கூண்டு வேண்டும், 30 ஜோடி விளக்கு வேண்டும். வீட்டு எஜமானி எந்த நிறத்துக்கு மாறுவாள் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுவது நல்லது.