மணியோசை முன்னே வரவேண்டும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் நாட்டுப் பழமொழி. திருவீதியில் உலா வரும் யானைக்கு அம்மொழி பொருந்தும். மலைச்சாரலில் உலவும் காட்டுயானையின் கழுத்திலே மணி இல்லை. மூடுபனி சூழ்ந்த தேயிலைத் தோட்டத்துப் பாதையில், நாலாயிரம் கிலோ எடையுள்ள அந்த உருவம் ஓசையின்றி வந்து நிற்கும். பத்தடி தொலைவு நெருங்கும் வரையில் நடந்து செல்பவனுக்கு அது தெரியாது. தெரிந்த பின்னர் அவன் செய்வதற்கு ஒன்றும் இராது.

பாலக்காட்டுக் கணவாயின் இரு புறத்திலும், இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளிலும் வாழும் மக்கள் நாள்தோறும் சுமக்கும் அச்சம் இது. தோட்டத் தொழிலாளரான தமிழரும், குடியேறி உழும் மலையாளிகளும், தொன்றுதொட்டு அங்கே வாழும் முதுவரும் இந்த அச்சத்தில் வேறுபாடின்றி ஒன்றுபட்டவர்கள். அவர்களுக்கு நாம் தரக்கூடிய மணி ஒன்று உண்டு. யானையைப் பற்றிய அறிவுதான் அந்த மணி. விலங்குகளின் நடத்தையையும், அவை வாழும் சூழலையும், அவற்றின் உடலியக்கத்தையும் ஆராயும் கல்வி பட்டத்திற்கு மட்டும் உரிய பாடம் அன்று; உயிர் காக்கும் கல்வி. அதனைப் பின்னே தள்ளிவிட்டு, மயக்க ஊசியையும் லாரியையும் முன்னே அனுப்பினால் துன்பம் தீராது. இதுவே என் வாதம்.

அரிக்கொம்பன் கற்பித்த பாடம்

இடுக்கி மாவட்டத்திலே சின்னக்கானல், சாந்தன்பாறை வட்டாரத்தில் உலவிய களிறு ஒன்றுக்கு மக்கள் இட்ட பெயர் அரிக்கொம்பன். மலையாளத்தில் அரி என்பது அரிசி. வீடுகளையும், பன்னியாறு தோட்டத்து ரேஷன் கடையையும் இடித்து அரிசியைத் தின்றதால் வந்த பெயர் அது. 2023 மார்ச்சில் அதனைப் பிடித்துக் கும்கியாக்க முயன்றபோது கேரள உயர்நீதி மன்றம் தடுத்தது; வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. சின்னக்கானல் பகுதி மக்கள் கொதித்தெழுந்து கடையடைத்தனர். ஏப்ரல் 5ஆம் நாள், யானையைப் பாலக்காட்டு மாவட்டத்துப் பறம்பிக்குளத்துக்குக் கொண்டு செல்ல ஆணை பிறந்தது. உடனே அங்குள்ள முதலமடை மக்கள் எதிர்த்தெழுந்தனர். இடுக்கியின் துன்பத்தை எங்கள் தலையில் ஏற்றுவதா என்று அவர்கள் கேட்டதில் தவறு என்ன?

இறுதியில் ஏப்ரல் 29ஆம் நாள் மயக்க ஊசிகள் செலுத்திப் பிடித்து, கழுத்திலே ரேடியோ பட்டை மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். நடந்தது என்ன? சில நாட்களிலேயே அது எல்லை கடந்து மேகமலைக்கு வந்தது. மே 27ஆம் நாள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஊரே கதவடைத்துக் கிடந்தது. மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவர் காயமுற்றுப் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5ஆம் நாள் தமிழ்நாட்டு வனத்துறை மீண்டும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டிலே விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தோட்டப் பகுதியிலும் தலை காட்டியது.

ஒரு யானை, இரண்டு மாநிலம், இருமுறை மயக்கம். இத்தனைக்குப் பிறகும் சின்னக்கானல் அமைதி பெற்றதா? சக்கக்கொம்பன் முதலிய வேறு களிறுகள் அங்கே தொடர்ந்து உலவின. நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் நோய் தீர்ந்ததாகுமா?

முன்பே தெரிந்த உண்மை

இம்முடிவு எவரும் எதிர்பாராதது என்று சொல்வதற்கில்லை. 2012ஆம் ஆண்டிலேயே இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஊருக்குள் புகுந்த பன்னிரண்டு களிறுகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, இடம் மாற்றிய பின் அவை சென்ற வழியெல்லாம் குறித்தனர். அவற்றுள் சில பழைய இடத்தை நோக்கித் திரும்பின. சில இலக்கின்றி அலைந்தன. சிலவே புதிய இடத்தில் தங்கின. இடம் மாறிய யானைகளால் மனிதர்க்கும், மனிதரால் யானைகளுக்கும் கேடு மிகுந்தது. யானையோடு சிக்கலும் சேர்ந்தே இடம் பெயர்கிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. கடலுக்கு அப்பால் கண்ட இந்த உண்மை கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியே மெய்யாயிற்று.

காரணமும் விளங்காத ஒன்றன்று. நம் முன்னோர் யானையை ஒரே சொல்லால் அழைத்து நிறுத்திவிடவில்லை. ஆணைக் களிறு என்றும் பெண்ணைப் பிடி என்றும் பிரித்தனர். அந்தப் பிரிவு எத்துணைப் பொருளுடையது என்பதைச் சென்னையில் பிறந்த அறிஞர் இராமன் சுகுமார் காட்டினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வழியாக 1980களில் பிளிகிரிரங்கன் மலைப் பகுதியில் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார் அவர். வயலில் புகுவது பெண் கூட்டத்தைவிட வளர்ந்த களிற்றிடமே மிகுந்த பழக்கம் என்று கண்டார். பிடிகள் குட்டிகளோடு கூட்டமாக வாழ்கின்றன. ஆகவே ஆபத்தை நாடா. களிறோ பருவம் எய்தியதும் கூட்டத்தை விட்டுப் பிரிகிறது. மதங்கொண்டு பிற களிறுகளை வென்றால்தான் அதற்கு வாரிசு உண்டு. அதற்கு வலிய உடல் வேண்டும். காட்டுப் புல்லைவிட நெல்லிலும் கேழ்வரகிலும் சத்தும் உப்பும் மிகுதி. ஆதலால் ஆபத்தை அறிந்தே அது வயலுக்குள் இறங்குகிறது. நாள் ஒன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி தேடவேண்டிய உடலுக்கு, ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் அரிசி மூட்டை எத்துணைப் பெரிய பரிசு!

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். யானை துன்பம் தாங்காமல், பட்டினியால் வாடித்தான் ஊருக்கு வருகிறது என்று கண்ணீர் வடிப்போர் உண்டு. எங்கும் அப்படி இல்லை. கருநாடகத்தில் ஹாசன் பகுதியில் பயிர் மேயும் யானைகளின் சாணத்தை எடுத்து, மனத்தகைவின்போது உடலில் சுரக்கும் பொருளை அளந்து 2019இல் ஆய்வு ஒன்று வெளிவந்தது. காப்புக் காட்டு யானைகளைவிட அவற்றிடம் அப்பொருள் குறைவாகவே இருந்தது. நல்ல தீனி கிடைப்பதே காரணமாகலாம் என்றனர் ஆய்வாளர். யானைமீது அன்புள்ளோர்க்கு இது கசக்கும். யானையை வெறுப்போர்க்கு இனிக்கும். ஆனால் ஆராய்ச்சி நம் விருப்பத்திற்கு ஏற்ப விடை சொல்வதன்று. ஓரிடத்து உண்மையை எல்லா இடத்திற்கும் ஏற்றிவிடலும் ஆகாது. ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு யானையிலும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்பதே இதனால் பெறப்படும்.

சின்னக்கானலிலேயே பாருங்கள். அங்குள்ள நீர்த்தேக்கத்தின் பெயர் ஆனையிறங்கல். யானை இறங்கும் இடம் என்று ஊர்ப் பெயரே உரைக்கின்றது! அந்த வழியின் ஓரத்திலேதான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களைக் குடியேற்றி, 301 காலனி என்று பெயரும் வைத்தனர். நிலம் கேட்டவர்களுக்கு நிலம் கொடுத்தது நேர்மையே. யானை இறங்கும் வழியில் கொடுத்ததுதான் கொடுமை. பெயரைப் படித்தவர்கள் பொருளைப் படிக்கவில்லை.

மணி கட்டியவர்கள்

மனிதர் சாகும்போது ஆராய்ச்சி பேசுவதா என்று சிலர் சினப்பர். அவர்களின் சினம் நியாயமானது. அச்சமின்றி உறங்கும் நாம், உறங்க இயலாதவனுக்குப் பொறுமையைப் போதிக்கக் கூடாது. ஆனால் ஆராய்ச்சி என்றால் கைகட்டிக் காத்திருத்தல் என்று அவர்கள் நினைப்பதே பிழை. இதற்கு விடை தூரத்தில் இல்லை. பறம்பிக்குளத்தை அடுத்திருக்கும் நம் வால்பாறையில் இருக்கிறது.

காடுகள் சூழத் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மேட்டுநிலம் வால்பாறை. அங்கே இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய தோழர்களும் யானைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். பெரும்பாலான உயிரிழப்பு, யானை அருகிலிருப்பது தெரியாமல் எதிர்பாராது நேரும் சந்திப்பால் வந்தது என்று கண்டனர். நோய் இன்னதென்று தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. யானை எங்கே நிற்கிறது என்பதை மாலையில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிட்டனர். பிறகு தொழிலாளர்களின் கைப்பேசிக்குத் தமிழிலே செய்தி அனுப்பினர். பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்க்குக் குரலாகவும் அனுப்பினர். தொலைவிலிருந்தே காணும்படி உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளை நிறுத்தி, கைப்பேசியாலேயே அவற்றை எரியவைத்தனர். உயிரிழப்பு குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. யானையைப் பிடிக்கவில்லை, விரட்டவில்லை. மணியை மட்டும் கட்டினார்கள்.

வாளையாற்றுக்கும் மதுக்கரைக்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையின் கதையும் இதுவே. 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவில் அங்கே ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று பிடிகள் மாண்டன. அதற்கு முன்னும் பல மாண்டன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு வனத்துறை மதுக்கரையில் 12 கோபுரங்கள் நட்டு, வெப்பம் உணரும் கேமராக்களைப் பொருத்தி, பாதையை யானை நெருங்கும்போதே ரயில் ஓட்டுநருக்குத் தெரியும்படி ஏற்பாடு செய்தது. யானைகள் எங்கே, எப்போது பாதையைக் கடக்கின்றன என்று முன்னரே குறித்து வைத்தவர்கள் இருந்ததனால்தான் கோபுரத்தை நடவேண்டிய இடம் தெரிந்தது. கணினியைக் கண்டு வியக்கும் நாம், காலடித் தடத்தைக் குறித்த கைகளை மறந்துவிடலாகாது.

நாம் வேண்டுவன

மூன்று வேண்டுகோள்களை இங்கே முன்வைக்கின்றேன். முதலாவது, ஒரு களிற்றைப் பிடிப்பதா, இடம் மாற்றுவதா என்று முடிவு செய்யுமுன் அந்தக் களிற்றின் வரலாறு மேசைமேல் இருக்கவேண்டும். அதன் வயது, தோழமை, வழி, தீனி, மதங்கொள்ளும் மாதம் எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள வேளையில் விலக்கு இருக்கலாம். விலக்கே விதியாகிவிடக் கூடாது. 2023 ஜனவரியில் பாலக்காட்டுத் தோணிப் பகுதியில் பிடித்த பி.டி. 7 என்ற களிற்றின் உடலில் துப்பாக்கிச் சன்னங்கள் இருந்தது, கூண்டில் அடைத்த பின்னரே வெளிப்பட்டது. அதன் வரலாற்றில் அதுவும் ஓர் ஏடு அன்றோ?

இரண்டாவது, எல்லையின் இரு பக்கத்திலும் ஒரே பதிவேடு வேண்டும். பெரியாற்றுக்கும் மேகமலைக்கும் இடையே யானை அறிந்த எல்லைக்கல் எதுவும் இல்லை. எச்சரிக்கை தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே செல்லவேண்டும். தோட்டத்து லயத்தில் இருப்பவன் தனக்குத் தெரிந்த மொழியிலே தன் உயிரைக் காத்துக்கொள்ள உரிமை உடையவன்.

மூன்றாவது வேண்டுகோள் அரசுக்கு அன்று, நமக்கு. மனிதக் காது கேளாத தாழ்ந்த ஒலியால் யானைகள் பேசிக்கொள்வதை அமெரிக்க அறிஞர் கேத்தி பெய்ன் 1980களில் கருவிகளால் மெய்ப்பித்தார் என்பதை நம்மில் பலர் படித்திருப்போம். அவருக்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1972இல், அதனைக் குறிப்பிட்டவர் மா. கிருஷ்ணன் என்பதை எத்தனை பேர் அறிவோம்? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். கூடத்துக் கருவிகள் இல்லை. கண்ணும் காதும் பொறுமையும் இருந்தன. ஆங்கிலத்தில் எழுதியதோடு அமையாமல், காட்டைப் பற்றித் தமிழிலும் இனிய உரைநடையில் எழுதினார்.

அந்த வழியில் இன்று நடப்பவர் எத்தனை பேர்? விலங்கியல் பயிலும் நம் தோழர்களுள் பலர் தவளையை அறுத்துப் பார்த்திருப்பர். தவளை பாடும் இரவில் ஓடைக்கரையில் அமர்ந்திருக்க மாட்டார். ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் அச்சாகி நூலகத்தில் உறங்குகின்றன. எந்தத் தொழிலாளியின் உயிரைக் காக்க அந்த ஆய்வு நிகழ்ந்ததோ, அவன் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. தமிழில் அறிவியல் முடியுமா என்று மேடைதோறும் வாதிடுகிறோம். வால்பாறைத் தோட்டத்திலே ஒரு தமிழ்ச் செய்தி உயிரைக் காக்கிறது. அதைவிடப் பெரிய சான்று வேறு என்ன வேண்டும்?

ஆகவே நம் மன்றம் ஒன்று செய்யலாம். ஆண்டு விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒரு நாள் என்றால், காட்டோர ஊர்களுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதுவரிடமும் தோட்டத் தொழிலாளரிடமும் கேட்டு எழுதுவோம். மூணாற்றுக் களிறு ஒன்றுக்குப் படையப்பா என்று பெயர் வழங்கும் அம்மக்கள், யானையின் முகத்தையும் நடையையும் நாள்தோறும் படிப்பவர்கள்; நமக்கு ஆசிரியர்கள். அவர்கள் சொன்னதை அளந்து, ஒப்பிட்டு, சரி பார்த்து, அவர்கள் மொழியிலேயே திருப்பித் தருவோம்.

காட்டுயானைக்கு மணி கட்ட முடியாது. அதன் வருகையை முன்னறிந்து சொல்லும் அறிவை வளர்க்க முடியும். அந்த மணியோசை தமிழிலே ஒலிக்கட்டும். யானை வருமுன்னே ஒலிக்கட்டும்!