முத்திரையின் தேதி
கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் கடிதத்தில், எழுதியவர் இட்ட தேதியைக் காட்டிலும் அஞ்சல் முத்திரையின் தேதியையே பிரமாணமாகக் கொள்வது போல, மின்னஞ்சலிலும் ‘டேட்’ என்னும் வரி அனுப்புகிறவர் இஷ்டப்படி அமையக்கூடியது என்பதையும், ‘ரிசீவ்டு’ வரிகளோ வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் தன் கடிகாரப்படி மேலே சேர்த்துச் செல்லும் சாட்சியங்கள் என்பதையும், குப்பை அஞ்சலை வடிகட்ட நிரல் எழுதும் நம் இளைஞர்கள் முதற்கண் உணர வேண்டும். கீழ்வரிகள் போலியாகவும் இருக்கலாம். நம் சர்வரே எழுதிய வரியில், அரைப்புள்ளிக்குப் பின் நிற்கும் நேரமே நம்பத்தக்கது. ‘டேட்’ வரியின் ஈற்றிலுள்ள +0530 என்னும் குறியைக் கழித்து உலகப் பொது நேரமாக்காமல் ஒப்பிட்டால், நம்மூர் நண்பரின் யோக்கியமான கடிதமும் ஐந்தரை மணி எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தண்டனை பெற்றுவிடும். அந்த அநியாயத்துக்கு நிரலாளர்கள் இடந்தரலாகாது.